பழங்கற்காலக் கருவி மரபுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். வருடத்துக்கு ஒரு முறையாவது மாணவர்களைப் பூண்டியில் இருக்கும் தொல்பழங்கால அருங்காட்சியகத்துக்கோ எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ கூட்டிப் போவேன். கூடவே சில பெற்றோரும் வருவார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று அவர்கள் கேட்கும் கேள்விகள் வருடா வருடம் ஏறக்குறைய அதேதான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

முதலில் இரண்டு சொற்கள். கல்லை அடிக்கும்போது தெறித்து விழும் மெல்லிய துண்டைப் பாடநூல் ‘செதில்’ என்கிறது. நான் சில்லு என்கிறேன், கண்ணாடிச் சில்லு என்கிறோமே, அது போல. சில்லு எடுக்கப்படும் பெரிய கல்லைத் தாய்க்கல் என்று எழுதுகிறேன். பாடநூலில் ‘கருக்கல்’ என்று பார்த்திருப்பீர்கள்.

பழைய கற்காலம்னா எப்போ ஆரம்பிச்சு எப்போ முடிஞ்சது சார்?

இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழைய கற்கருவிகள் கென்யாவில், துர்கானா ஏரிக்கு மேற்கே லொமெக்வி என்ற இடத்தில் கிடைத்தவை. வயது 33 லட்சம் ஆண்டுகள். 2015இல்தான் இது வெளியானது. அதற்கு முன்பு 26 லட்சம் என்று படித்துக்கொண்டிருந்தோம். முடிவு என்று எடுத்துக்கொண்டால், கடைசிப் பனிக்காலம் முடிந்த சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன்பு. ஆதிச்சநல்லூர், கீழடி எல்லாம் அதற்கும் வெகு காலம் கழித்து வந்தவை.

இந்த நீண்ட காலத்தைக் கீழ், இடை, மேல் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். ‘கீழ்’ என்றால் தரத்தில் தாழ்ந்தது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. மண்ணைத் தோண்டும்போது கீழ் அடுக்கில் கிடைப்பது பழையது, அவ்வளவுதான்.

உடைஞ்ச கல்லுக்கும் கருவிக்கும் என்ன வித்தியாசம்? எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது.

முதல் தடவை எல்லோருக்கும் அப்படித்தான். உடைந்த கண்ணாடிப் பாட்டிலின் தடித்த சில்லு ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? உடைந்த முகத்தில், குளத்தில் கல் எறிந்தது போல வளைவளைவாக அலைகள் இருக்கும். சக்கிமுக்கிக் கல், குவார்ட்சைட் போன்ற கெட்டியான, நுண்ணிய மணிகளால் ஆன கற்களும் இப்படித்தான் உடையும். அடி விழுந்த புள்ளிக்குக் கீழே சில்லின் உள்முகத்தில் சிறிய புடைப்பு ஒன்று இருக்கும். விரலால் தடவினாலே தெரியும். அதைக் குமிழ் என்கிறோம். தாய்க்கல்லில் அதே இடத்தில் அதற்கு ஈடான குழி இருக்கும்.

ஒரே ஒரு சில்லு தெறித்த தழும்பு இருந்தால் அது வெள்ளத்தில் உருண்டும் வந்திருக்கலாம், ஜல்லி உடைக்கும் இடத்திலிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் ஒரு தழும்பின் ஓரத்தை மேடையாக, அதாவது அடி விழும் தளமாக வைத்து அடுத்த அடி, அதன் ஓரத்தில் அதற்கடுத்த அடி என்று ஒழுங்காகப் போயிருந்தால் அதில் ஒரு கை இருக்கிறது. ஆற்றுக்கு அந்த வரிசை தெரியாது. இந்த ‘அடியின் வரிசை’ என்பதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கீழே எல்லாக் கேள்விக்கும் அங்கேதான் திரும்ப வருவேன்.

‘மரபு’ன்னு சொல்றீங்களே, கல்லுக்கு என்ன மரபு?

கல்லுக்கு இல்லை, செய்த கைகளுக்கு. ஒரு குறிப்பிட்ட முறையில் கல்லை உடைப்பது தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக் கற்றுக்கொள்ளப்பட்டு, பெரிய பரப்பில், நீண்ட காலம் நீடித்திருந்தால் அதை மரபு என்கிறார்கள். பெயர் பெரும்பாலும் முதலில் அடையாளம் கண்ட ஊரின் பெயராக இருக்கும். ஓல்டுவன் என்பது தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கு. அச்சூலியன் என்பது பிரான்சில் அமியான் நகரத்தை ஒட்டிய செயின்ட் அச்சூல். லெவலுவா என்பது பாரிஸை ஒட்டிய புறநகர். பெயர் அங்கிருந்து வந்தது என்பதால் கருவியும் அங்கே பிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அச்சூலியன் கருவிகளில் மிகப் பழையவை பிரான்சில் இல்லை, கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கின்றன.

ஓல்டுவன், அச்சூலியன், லெவலுவா... சுருக்கமா வித்தியாசம் சொல்லுங்க, பரீட்சைக்கு இல்லை, எனக்குப் புரியணும்.

ஓல்டுவன் கைவேலையில் தேவைப்படுவது கூரான சில்லு. ஒரு கூழாங்கல்லை இன்னொரு கல்லால் சரியான கோணத்தில் அடித்து ஐந்தாறு சில்லு எடுப்பார்கள். மீதமாகும் கல்லைத்தான் நாம் வெட்டுக்கல் என்று பெட்டியில் வைத்துப் பார்க்கிறோம். பல நேரங்களில் அது வெறும் மிச்சம். வேலை செய்தது சில்லு. எத்தியோப்பியாவின் கோனாவில் கிடைத்த 26 லட்சம் ஆண்டுப் பழைய சில்லுகளைப் பார்த்தால், அடித்தவர்களுக்குக் கோணம் நன்றாகவே தெரிந்திருந்தது என்று புரியும்.

அச்சூலியனில் மனதில் ஒரு உருவம் முதலிலேயே இருக்கிறது. கல்லின் இரண்டு முகத்திலும் மாறி மாறிச் சில்லு எடுத்து, நீர்த்துளி வடிவத்தில் ஒரு கைக்கோடரியை, அல்லது அகன்ற வாய் கொண்ட பிளக்கும் கருவியைக் கொண்டுவருகிறார்கள். இங்கே கல்லே கருவி, சில்லுதான் மிச்சம். ஓல்டுவனுக்கு நேர் தலைகீழ். கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் சுமார் 17.5 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே இது இருக்கிறது. அதன் பிறகு பத்து லட்சம் ஆண்டுக்கும் மேல் நீடித்தது.

லெவலுவாவில் கருவி மறுபடியும் சில்லுதான். ஆனால் எந்த வடிவத்தில் சில்லு விழ வேண்டும் என்பதைத் தாய்க்கல்லைச் செதுக்கும்போதே முடிவு செய்துவிடுகிறார்கள். இதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

கைக்கோடரின்னா கைப்பிடி எங்கே? இதை வெச்சு மரமா வெட்டினாங்க?

கைப்பிடி கிடையாது. கோடரி என்ற பெயரே நம்மைக் குழப்புகிறது. எழும்பூரில் இருப்பது போன்ற குவார்ட்சைட் கைக்கோடரி ஒன்றை ஒரு முறை கையில் பிடித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. அகன்ற அடிப்பாகத்தில் பழைய கூழாங்கல்லின் வழவழப்பான மேல்தோல் கொஞ்சம் அப்படியே விடப்பட்டிருந்தது. உள்ளங்கை சரியாக அங்கேதான் போய் உட்கார்ந்தது. கட்டைவிரல் ஒரு தழும்பின் பள்ளத்தில் பொருந்தியது. இடது கைக்கு மாற்றினேன்; பொருந்தவில்லை. அதைச் செய்தவர் வலது கைக்காரர் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் அன்று மாலை முழுக்க அந்த விரல் பொருந்திய உணர்வு என்னை விட்டுப் போகவில்லை.

பயன் என்று கேட்டால், பெரிய விலங்குகளை அறுத்துக் கூறு போடுவது மிக உறுதியாகத் தெரிந்த ஒன்று. இங்கிலாந்தின் பாக்ஸ்குரோவில், சுமார் 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குதிரையை வெட்டிய இடத்தில், கைக்கோடரி செதுக்கியபோது விழுந்த சில்லுகள் விழுந்தபடியே கிடந்தன. எலும்புகளில் வெட்டுக்காயங்கள் இருந்தன. மரத்தைச் சீவுவது, கிழங்கு தோண்டுவது போன்ற வேலைகளுக்கும் பயன்பட்டிருக்கும். தேவைப்பட்டால் அதிலிருந்தே புதுச் சில்லு எடுத்துக்கொள்ளலாம். நம் வீட்டு அரிவாள்மணைக்கு ஒரே ஒரு வேலைதான் என்று யாராவது சொல்ல முடியுமா?

லெவலுவா முறை எத்தனை தடவை படிச்சும் மண்டையில ஏறல.

படித்து ஏறாது, படிப்படியாகப் பார்க்க வேண்டும். ஒரு உள்ளங்கை அளவு கல்லை எடுக்கிறீர்கள். முதலில் சுற்றி வர ஓரத்தைத் தட்டி மேடை அமைக்கிறீர்கள். அப்புறம் அந்த ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மேல்முகத்தில் சில்லுகளை எடுக்கிறீர்கள். இப்போது மேல்முகம் ஆமை ஓடு போலக் கொஞ்சம் மேடாக, சுற்றிலும் சரிந்து நிற்கும். இதுவரை விழுந்ததெல்லாம் தயாரிப்பு. பிறகு ஒரு முனையை மட்டும் இன்னும் நுணுக்கமாகத் தட்டிச் சரிசெய்து, அங்கே ஒரே அடி. ஆமை ஓட்டின் மேல்பகுதி அப்படியே ஒரு சில்லாகப் பெயர்ந்து வரும். சுற்றிலும் கூர், அளவான தடிப்பு, நினைத்த வடிவம்.

கோலம் போடுபவர்களுக்கு இதை எளிதாக விளக்கிவிடுவேன். புள்ளி வைக்கும்போதே கோலம் முடிவாகிவிடுகிறது, இழை பிறகு வருகிறது. அப்படியே இங்கும். கையில் கிடைத்த சில்லின் முதுகில் முந்தைய தயாரிப்புத் தழும்புகள் எல்லாம் நடுவை நோக்கி வந்து சேர்ந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் இது லெவலுவா சில்லு என்று அடையாளம் காண்கிறோம். ஒரு அடி தப்பினால் அவ்வளவு நேர உழைப்பும் போச்சு. பக்கத்தில் உட்கார்ந்து யாராவது காட்டிக் கொடுக்காமல் இதைக் கற்றிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பல்லாவரத்துல கிடைச்சதுதானே இந்தியாவிலேயே பழமையான கருவி?

முதலில் கண்டுபிடிக்கப்பட்டது பல்லாவரத்தில். பழமையானது என்று காலக் கணக்கோடு நிரூபிக்கப்பட்டது அத்திரம்பாக்கத்தில். இரண்டும் ஒன்றாகக் கலந்து பாடப்புத்தகக் குறிப்புகளில்கூட வந்துவிடுகிறது.

1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபுட், பல்லாவரத்தில் சரளைக்காகத் தோண்டிய பள்ளம் ஒன்றில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அப்போது அவருக்கு வயது 28. பிரான்சின் சோம் ஆற்றங்கரையில் கிடைத்த கைக்கோடரிகள் உண்மையில் மனிதர் செய்தவைதான் என்று ஆங்கிலேய அறிஞர்கள் ஒப்புக்கொண்டு நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. அதைப் படித்திருந்ததால்தான் அவர் கண்ணில் அந்தக் கல் பட்டது. அதே வருடம் செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். ஃபுட் சேர்த்து வைத்த தொகுப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904இல் வாங்கியது.

அத்திரம்பாக்கம் சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கி.மீ. தொலைவில், கொசஸ்தலையாற்றுப் படுகையில் இருக்கிறது. சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 1999 முதல் அங்கே அகழாய்வு செய்தார்கள். 2011இல் வெளியான அவர்களுடைய முடிவு: அங்குள்ள அச்சூலியன் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழையவை, எப்படிப் பார்த்தாலும் 10.7 லட்சத்துக்குக் குறையாது. பெரிய கைக்கோடரிகளுக்கு வேண்டிய பெரும் சில்லுகளை அங்கே உடைக்கவில்லை, வேறு இடத்தில் உடைத்துச் சுமந்து வந்திருக்கிறார்கள். அவற்றை எடுத்திருக்கக்கூடிய பெரிய தாய்க்கற்கள் அங்கே இல்லை என்பதிலிருந்து இது தெரிகிறது.

கல்லுக்கு வயசு எப்படிங்க தெரியும்? கல்லே கோடி வருஷம் பழசு இல்லையா?

சரியான சந்தேகம். கல்லின் வயது வேறு, அதை உடைத்த வயது வேறு. நமக்கு வேண்டியது அது மண்ணுக்குள் புதைந்த காலம். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் தரைமேல் கிடக்கும் குவார்ட்ஸில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு அணுக்களை உண்டாக்குகின்றன. கல் ஆழமாகப் புதைந்தவுடன் புதிதாக உண்டாவது நின்றுவிடும். இருப்பது மட்டும் தேயும். அலுமினியம்-26 பாதியாகக் குறைய சுமார் 7 லட்சம் ஆண்டுகள், பெரிலியம்-10க்குச் சுமார் 14 லட்சம். ஒன்று மற்றதைவிட வேகமாகத் தேய்வதால், இரண்டின் விகிதத்தைப் பார்த்துப் புதைந்து எத்தனை காலம் ஆயிற்று என்று கணக்கிடலாம். அத்திரம்பாக்கத்தில் இதோடு மண்ணில் பதிந்திருந்த பூமியின் பழைய காந்தத் திசையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிந்தைய அடுக்குகளுக்கு, மணல் துகள் கடைசியாக வெளிச்சம் பட்ட நேரத்தை அளக்கும் ஒளிர்வு முறையைப் பயன்படுத்தினார்கள்.

சென்னை மரபு, சோன் மரபுன்னு படிச்சோம். வடக்கே ஒரு ஜனம், தெற்கே ஒரு ஜனமா?

1930களில் டி டெராவும் பேட்டர்சனும் இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் சோன் ஆற்றுப் பகுதியை ஆராய்ந்தார்கள். அங்கே கூழாங்கல் வெட்டுக்கருவிகள் நிறையக் கிடைத்தன. சென்னைப் பகுதியில் கைக்கோடரிகள். அதிலிருந்து வடக்கே கூழாங்கல் மரபு, தெற்கே கைக்கோடரி மரபு என்று ஒரு கோடு விழுந்தது. பாடநூலில் படித்தவர்கள் அதை அப்படியே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கோடு இப்போது நிற்கவில்லை. சிவாலிக் அடிவாரத்திலும் அச்சூலியன் கருவிகள் கிடைத்தன. தெற்கே கைக்கோடரிகளோடு சேர்ந்தே கூழாங்கல் கருவிகளும் கிடக்கின்றன. சோன் கருவிகளில் பலவும் அச்சூலியனுக்குப் பிந்தையவை என்ற கருத்தும் வலுத்திருக்கிறது. தவிர, ஒரு எளிய காரணத்தை மறந்துவிடுகிறோம். உருண்டையான ஆற்றுக் கூழாங்கல் மட்டும் காலடியில் கிடந்தால் யார் அடித்தாலும் கூழாங்கல் கருவிதான் வரும். கர்நாடகத்தின் ஹுன்ஸ்கி பள்ளத்தாக்கில், இசம்பூரில், பலகை பலகையாகச் சுண்ணாம்புக் கல் கிடைத்தது. அந்தப் பலகையின் தட்டையான வடிவத்தையே பயன்படுத்திக் கைக்கோடரி செய்தார்கள். மரபுகளை ஒப்பிடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, அந்த ஊரில் என்ன கல் கிடைத்தது என்பதுதான்.

கிழக்கு ஆசியாவுல கைக்கோடரியே கிடையாதாமே? அவங்க பின்தங்கினவங்களா?

ஹாலம் மோவியஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1940களில் இப்படி ஒரு எல்லைக் கோடு வரைந்தார். கோட்டுக்கு மேற்கே ஆப்பிரிக்கா, ஐரோப்பா, இந்தியா: கைக்கோடரி. கிழக்கே சீனாவும் தென்கிழக்கு ஆசியாவும்: வெட்டுக்கல் மட்டும். கிழக்கே இருந்தவர்கள் தேங்கிப்போனவர்கள் என்றும் எழுதினார். எனக்கு இந்தப் பார்வை பிடிப்பதே இல்லை.

1978இல் தென்கொரியாவில் ஹந்தான் ஆற்றங்கரையில் ஒரு அமெரிக்கப் படைவீரர் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். 2000இல் சீனாவின் குவாங்ஷி பகுதியில், போசே பள்ளத்தாக்கில் 8 லட்சம் ஆண்டுப் பழைய இருமுகக் கருவிகள் இருப்பது வெளியானது. அங்கே விண்கல் மோதியதில் தெறித்த கண்ணாடித் துளிகள் கருவிகளோடு கிடந்ததால் வயது தெளிவாகக் கிடைத்தது. ஆக, கோடு அழிந்துவிட்டதா? முழுதாக இல்லை. கிழக்கே கைக்கோடரிகள் குறைவு, பல தடிமனானவை என்பது உண்மைதான். நல்ல கல் குறைவு என்பது ஒரு விளக்கம். மூங்கிலில் கருவி செய்திருப்பார்கள், அது மக்கிப்போயிருக்கும் என்பது இன்னொன்று. மூங்கில் கத்தி செய்து சோதித்திருக்கிறார்கள்: இறைச்சி வெட்டுகிறது, விலங்குத் தோலில் திணறுகிறது. எனவே கல்லே வேண்டாம் என்று இருந்திருக்க முடியாது.

இந்த மரபு இந்த மனித இனத்தோடதுன்னு சொல்லிடலாமா?

கூடாது. இஸ்ரேல் பகுதிக் குகைகளே போதும் இதற்குச் சாட்சி. ஸ்குல், கஃப்சே குகைகளில் நம் இனத்தவரின், அதாவது ஹோமோ சேப்பியன்ஸின் எலும்புகள். கெபாராவில், நமக்கு நெருங்கிய இன்னொரு மனித இனமான நியாண்டர்தாலின் எலும்பு. இரண்டு கூட்டமும் பயன்படுத்தியது லெவலுவா முறை. கல்லை மட்டும் காட்டினால் யார் அடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. இந்தியா முழுக்கவே அந்தப் பழைய காலத்துக்கு நர்மதைக் கரையில் ஹத்னோராவில் 1982இல் அருண் சோனாக்கியா கண்டெடுத்த மண்டையோட்டுப் பகுதிதான் பேர் சொல்லும்படி இருக்கிறது. ஆகவே ‘15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தமிழர்’ என்று பகிரப்படும் படங்களை நம்பாதீர்கள். அப்போது நம் இனமே தோன்றவில்லை. நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகளாகச் சொல்லப்படும் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் எலும்புகளுக்கே வயது சுமார் 3 லட்சம்தான். அத்திரம்பாக்கத்து மண்ணில் அவ்வளவு காலத்துக்கு முன் இவ்வளவு நேர்த்தியான கைகள் இருந்தன என்பதே பெருமைதான். அதற்கு மேல் பொய் சேர்க்கத் தேவையில்லை.

ரெண்டு ஊர்ல ஒரே மாதிரி கருவி கிடைச்சா, ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கத்துக்கிட்டாங்கன்னுதானே அர்த்தம்?

இதுதான் இந்தத் துறையில் பெரிய சண்டை. 2018இல் அத்திரம்பாக்கத்திலிருந்து இன்னொரு முடிவு வந்தது. அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே பெரிய கைக்கோடரிகள் குறைந்து, லெவலுவா முறையில் செய்த சிறு சில்லுகளும் கூர்முனைகளும் வந்துவிட்டன. அது சுமார் 1,72,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை தொடர்ந்தது. இந்த முடிவு வருவதற்கு முன்பு, லெவலுவா முறை நம் இனத்தவரோடு ஆப்பிரிக்காவிலிருந்து சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன்தான் இந்தியாவுக்கு வந்திருக்கும் என்று பலர் எண்ணியிருந்தார்கள். வெளியிலிருந்து வந்ததா, இங்கேயே முளைத்ததா?

அர்மீனியாவின் நோர் கெகி என்ற இடத்தில் 3 லட்சத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரே அடுக்கில் கைக்கோடரியும் லெவலுவாவும் சேர்ந்து கிடைத்தன. அதை ஆராய்ந்தவர்களின் வாதம்: அச்சூலியன் தெரிந்தவர்களுக்கு லெவலுவா அடுத்த வீடு மாதிரி. இருமுகம் செதுக்கத் தெரிந்தால் ஆமை ஓடு போன்ற மேடு அமைக்கவும் தெரிந்துவிடும். எனவே பல இடங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கலாம். இது எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. ஆனால் ஒப்பிடும்போது முடிந்த பொருளின் உருவத்தை மட்டும் பார்த்தால் எதுவும் தீராது. இரண்டு ஊரிலும் அடியின் வரிசை ஒன்றா, மேடையை ஒரே விதமாகத் தயாரித்தார்களா, தப்பிய அடியை ஒரே விதமாகச் சரிசெய்தார்களா என்று பார்க்க வேண்டும். இட்லி எல்லா வீட்டிலும் வட்டம்தான். மாவு அரைக்கும் பக்குவம்தான் வீட்டுக்கு வீடு வேறு.

ஒரே குகையில அடுக்குக்கு அடுக்கு கருவி மாறுதே, அப்போ வேற வேற கூட்டம் வந்து தங்கினாங்களா?

பிரான்சுவா போர்து என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அப்படித்தான் சொன்னார். நியாண்டர்தால்களின் மூஸ்டீரியன் எனப்படும் இடைப் பழங்கற்காலக் கருவிகளை 63 வகையாகப் பட்டியலிட்டு, எந்த அடுக்கில் எது எத்தனை சதவீதம் என்று எண்ணினார். பிரான்சின் கோம்ப் கிரெனால் குகையில் அடுக்குகள் மாறி மாறி வந்தன. ஒவ்வொன்றும் ஒரு தனிக் கூட்டத்தின் மரபு என்றார். 1960களில் அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் பின்ஃபோர்டு மறுத்தார்: அதே கூட்டம்தான், ஒரு சமயம் தோல் பதப்படுத்தினார்கள், ஒரு சமயம் மரம் சீவினார்கள், வேலைக்கு ஏற்பக் கருவி மாறியது என்றார்.

இரண்டு பேருக்கும் நடுவே ஹரால்டு டிபிள் 1980களில் வேறொரு கேள்வியைக் கொண்டுவந்தார். நம் வீட்டு அரிவாளை நினைத்துப் பாருங்கள். வாங்கியபோது இருந்த அகலம் இருபது வருடம் சாணை பிடித்த பிறகு இருக்கிறதா? இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தெரியாதவர் இரண்டு வகை அரிவாள் என்பார். சுரண்டிகளும் அப்படித்தான் என்றார் டிபிள். ஒரு பக்கம் கூர் தீட்டியது, இரு பக்கம் தீட்டியது, இரண்டும் முனையில் சேர்ந்தது என்று தனி வகையாக எண்ணப்பட்டவை, ஒரே கருவி தேய்ந்துகொண்டே போன நிலைகளாக இருக்கலாம். இதைப் படித்த பிறகு எந்தக் கருவியைப் பார்த்தாலும், இது பிறந்த வடிவமா, தூக்கிப் போட்ட வடிவமா என்றுதான் முதலில் யோசிக்கிறேன். அருங்காட்சியகத்தில் இருப்பவற்றில் பெரும்பாலானவை தூக்கிப் போட்டவை.

சில்லுலேருந்து நீளமான பிளேடு, அப்புறம் நுண்கருவி... மூளை வளர வளர கருவியும் வளர்ந்துச்சு, சரிதானே?

ஏணி மாதிரி ஏறிப் போனது என்ற இந்தப் படம் மனதில் பதிவதற்கு, கிரஹாம் கிளார்க் என்ற ஆய்வாளர் 1960களில் கருவி செய்யும் முறைகளுக்குப் போட்ட 1 முதல் 5 வரையிலான எண்களும் ஒரு காரணம். வசதிக்காகப் போட்ட எண், அதைப் படிக்கட்டாக்கிவிட்டோம். கென்யாவின் காப்துரின் பகுதியில் சுமார் 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிளேடுகள், அதாவது நீளமான, ஒடுங்கிய சில்லுகள் செய்திருக்கிறார்கள். பிளேடு செய்தால் ஒரே கல்லிலிருந்து அதிகக் கூர்விளிம்பு கிடைக்கும் என்பதும் அடிக்கடி சொல்லப்படுவது. 2008இல் வெளியான ஒரு சோதனையில் பிளேடு, சாதாரணச் சில்லு என்று இரண்டு முறையிலும் கல்லை உடைத்து அளந்தபோது, பிளேடுக்கு அப்படி ஒரு பெரிய மேன்மை தெரியவில்லை.

நுண்கருவி வேறு கதை. விரல்நகம் அளவுச் சில்லுகளை மரத்திலோ எலும்பிலோ பிசின் வைத்துப் பொருத்துவது. ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஆந்திராவின் ஜுவாலாபுரத்தில் இவை சுமார் 35,000 ஆண்டுகளுக்கு முன்பே இருக்கின்றன. இலங்கையின் பாகியன் குகையில் சுமார் 48,000 முதல் 45,000 ஆண்டுகளுக்கு முன்; மழைக்காட்டில் குரங்கும் அணிலும் வேட்டையாடிய மக்கள் அவர்கள். தூத்துக்குடிப் பக்கம் சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் தேரிகளில் செம்மணலில் கிடைப்பவை இவற்றுக்கு வெகுவாகப் பிந்தியவை, பழங்கற்காலத்தில் சேராது.

குரங்குகூட கல் உடைக்குதாமே, வீடியோ பார்த்தேன். அப்போ ஓல்டுவனும் குரங்கு செஞ்சதா இருக்கலாமே?

பிரேசிலில் கபுச்சின் குரங்குகள் கல்லோடு கல்லை மோதும்போது ஓல்டுவன் போன்ற சில்லுகள் விழுகின்றன; 2016இல் இது வெளியானது. தாய்லாந்தில் கொட்டை உடைக்கும் குரங்குகளிடமும் பிறகு பார்த்தார்கள். அவை அந்தச் சில்லுகளை எடுத்துப் பயன்படுத்துவதில்லை. எனவே ஒரு சில்லு மட்டும் கிடைத்தால் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது உண்மை. ஆனால் ஓல்டுவன் இடங்களில் மூன்று சேர்ந்து இருக்கின்றன: ஒரே தாய்க்கல்லில் கோணம் தவறாமல் வரிசையாக எடுத்த சில்லுகள், நல்ல கல்லைத் தேடித் தூரத்திலிருந்து சுமந்து வந்தது, எலும்பில் வெட்டுக்காயம். இது மூன்றும் எந்தக் குரங்கிடமும் சேர்ந்து பார்க்கப்படவில்லை.

கான்சி என்ற போனோபோவுக்கு (சிம்பன்சிக்கு நெருங்கிய மனிதக்குரங்கு வகை) நிக்கோலஸ் டோத் என்ற ஆய்வாளர் கல் உடைக்கக் கற்றுக்கொடுத்தார். கயிற்றை அறுத்துப் பெட்டியைத் திறந்தால் தின்பண்டம். கான்சி சில்லு எடுத்தது, கயிற்றை அறுத்தது. ஆனால் கையில் வைத்துக் கோணம் பார்த்து அடிப்பதைவிடக் கல்லைத் தரையில் ஓங்கி எறிவதுதான் அதற்குப் பிடித்திருந்தது. அது எடுத்த சில்லுகள் கோனாவின் சில்லுகள் அளவுக்கு வரவில்லை. கான்சியிடம் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. இந்தக் கதையைச் சொன்னால் வகுப்பில் ஒரு குழந்தைகூடத் தூங்காது.

ஆத்தோரம் ஒரு கல் கிடைச்சுது, கைக்கோடரி மாதிரியே இருக்கு. எடுத்துட்டு வரலாமா?

வேண்டாம். தொல்பொருட்களுக்குச் சட்டம் இருக்கிறது என்பது ஒரு பக்கம். அதைவிட, எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால் அந்தக் கல் மேசைமேல் வைக்கும் அலங்காரப் பொருளாகிவிடும். மேலே காலக் கணக்கு பற்றிச் சொன்னது எல்லாமே அது கிடந்த மண்ணை நம்பித்தான். கிடந்தபடியே அளவுக்கு ஒரு பேனாவைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், கைப்பேசி வரைபடத்தில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மாநிலத் தொல்லியல் துறைக்கோ அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கோ அனுப்புங்கள்.

நானே உடைச்சுப் பார்க்கலாமா?

தாராளமாக. ஒப்பிடுவது எப்படி என்று அப்போதுதான் கைக்குத் தெரியும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கண்டிப்பாகப் போட வேண்டும், தொடையில் தடித்த தோல் அல்லது சாக்கு விரிக்க வேண்டும், திறந்த வெளியில் காற்று உங்கள் பின்னாலிருந்து வரும்படி உட்கார வேண்டும். அந்தக் கல்தூசி நுரையீரலுக்குக் கெடுதல். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். தடித்த பாட்டிலின் அடிப்பாகத்தில் தொடங்கினால் அலைகளும் குமிழும் தெளிவாகத் தெரியும். அழுத்தி அடிக்காதீர்கள், விளிம்பின் கோணம் 90 டிகிரிக்குக் குறைவாக இருக்கும் இடத்தைத் தேடி அடியுங்கள்.

தொல்லியல் இடங்களுக்குப் பக்கத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். உங்கள் சில்லும் பழைய சில்லும் கலந்தால் யாராலும் பிரிக்க முடியாது. கல் உடைத்துப் பழகும் ஆய்வாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் சில்லுகளைக் கூட்டிப் புதைக்கும்போது, குழிக்குள் அந்த வருடத்து நாணயம் ஒன்றையும் போட்டு மூடிவிடுவார்கள். நாங்களும் பள்ளித் தோட்டத்து மூலையில் அப்படித்தான் ஒரு ஐந்து ரூபாய் போட்டு வைத்திருக்கிறோம்.